ஜன்னலுக்கு ஒரு ஸ்க்ரீனும் ஒம்பதரை இஞ்சும்

மொதல்ல உண்மையைச் சொல்லிடறேன். நாப்பத்தாறு வயசு வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச தையல், அறுந்த சட்டை பட்டனைத் திரும்ப வைக்கிறது மட்டும்தான். அதுவும் பட்டன் ஒரு பக்கம், காஜா ஒரு பக்கம்னு நிக்கும். :-)

இத்தனைக்கும் எங்க வீட்டுல அரிசி வாங்கினதே தையல் காசுலதான். அப்பா போன பிறகு அம்மா கால் மெஷின்ல ஜாக்கெட், பாவாடை, ஸ்கூல் யூனிஃபார்ம்னு தைச்சுத்தான் என்னையும் அக்காவையும் படிக்க வச்சாங்க. நூல்கண்டு, பட்டன் வாங்க மதுரை புதுமண்டபத்துக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போவாங்க. திருமலை நாயக்கர் கட்டின மண்டபம். தூணுக்குத் தூண் ஒரு மெஷின் ஓடிட்டு இருக்கும். (அந்தக் கடைங்க எல்லாம் இப்போ குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியாச்சு.)

காலேஜ்ல யாராவது "அம்மா என்ன பண்றாங்க?"ன்னு கேட்டா, "ஹவுஸ் வொய்ஃப்"னு சொல்லிடுவேன். ஒரு தடவை அம்மா பக்கத்துல இருக்கும்போதே சொன்னேன். அம்மா ஒண்ணும் கேக்கலை. நானும் அதைப் பத்திப் பேசினதில்லை.

இப்போ அம்மாவுக்கு க்ளாகோமா. போன பார்வை திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்னு சொட்டு மருந்து ஓடுது. அவங்க ரூம் ஜன்னல் மேற்குப் பக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் நேரா கட்டில்ல விழுந்து கண்ணு கூசுது. தங்கமணி "ரெடிமேடா வாங்கிடலாமே"ன்னாங்க. நான்தான் வீராப்பா, "பரண்ல மெஷின் சும்மாதானே கிடக்கு, நானே தைக்கிறேன்"னு இறங்கினேன்.

அளவுதான் பாதி வேலைங்க. ஜன்னல் 48 இஞ்ச் அகலம், 54 இஞ்ச் உயரம். கம்பியை ஜன்னலுக்கு 4 இஞ்ச் மேலே அடிச்சு, கீழேயும் 4 இஞ்ச் இறங்கணும்னா நீளம் 62. அகலத்துக்கு ஜன்னல் அளவே துணி வாங்கினா விரைப்பா போஸ்டர் மாதிரி நிக்கும். ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வேணும், அப்பதான் சுருக்கம் அழகா விழும். 48 இஞ்ச் பன்னாத் துணியில ரெண்டு துண்டு எடுத்தா கணக்கு சரி. கெட்டியான பருத்தித் துணியா வாங்கிட்டு வந்தேன்.

முதல் ரெண்டு நாள் துணியைத் தொடவே இல்லை. நூல் கோக்காம, கோடு போட்ட நோட்டுத் தாள்ல ஓட்டிப் பழகினேன். கால் மெஷின்ல பெரிய சிக்கல் மிதிக்கிறதுதான். சக்கரம் பின்னாடி சுத்திடும், நூல் அறுந்துடும். கையால சக்கரத்தை நம்ம பக்கம் தள்ளிவிட்டு அப்புறம்தான் மிதிக்கணும். சைக்கிள் கத்துக்கிட்டது இதைவிட ஈஸி.

மூணாவது நாள் நிஜத் துணி. நாலு அடி ஓட்டியிருக்க மாட்டேன், பக்கத்து ரூம்ல இருந்து குரல்.

"டேய், ஊசியை மாத்து."

"எப்படிம்மா தெரியும்?"

"தட்டு தட்டுன்னு குத்துது பாரு. தாள்ல ஓட்டி மழுங்கடிச்சிருக்க. பதினாறாம் நம்பர் போடு."

மாத்தினேன். சத்தமே வேற!

பக்கவாட்டு ஓரத்தை ரெண்டு மடிப்பா மடிச்சு அடிச்சேன். மேலே கம்பி நுழைய 3 இஞ்ச், கீழே 4½ இஞ்ச் (அதுல அரை இஞ்ச் உள்மடிப்பு) மடிச்சு அடிச்சேன். தைச்சு முடிச்சு, அலசிக் காயப்போட்டு, மாட்டினேன்.

ஜன்னல் திட்டுக்கு மேலேயே நின்னுடுச்சு!

நான் வெட்டினதே 62 இஞ்ச்தான். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து ஏழரை இஞ்ச் கூட வெட்டணும்னு தோணலை. வெட்டறதுக்கு முன்னாடி துணியை நனைக்கவும் இல்லை. அலசினதுல இன்னொரு ரெண்டு இஞ்ச் சுருங்கிடுச்சு. மொத்தம் ஒம்பதரை இஞ்ச் குறை. நாலு மணி வெயில் அந்தச் சந்து வழியா கரெக்டா அம்மா கண்ணுலயே விழுந்துச்சு.

தங்கமணி சிரிப்பை அடக்கிட்டு சமையலறைக்குப் போயிட்டாங்க. அம்மாதான் கட்டில்ல இருந்தே கேட்டாங்க: "கீழ் மடிப்பு எவ்வளவு வச்சே?"

"நாலரைம்மா."

"அதைப் பிரி. மிச்சத்துக்கு பீரோவுல என் பழைய கண்டாங்கி இருக்கு, பார்டரோட ஆறு இஞ்ச் கிழிச்சுக்கோ. நூறு தடவை துவைச்ச துணி, இனிமே சுருங்காது. அந்த ஓரம் நெய்த ஓரம், மடிக்கவும் வேண்டாம்."

அரக்குக் கலர் கண்டாங்கி. அக்கா கல்யாணத்துக்குத் துணி தைச்ச ராத்திரியெல்லாம் அம்மா கட்டியிருந்தது. எனக்குக் கிழிக்க மனசு வரலை. அம்மாவே வாங்கி, ஓரத்துல சின்னதா கத்தரியால வெட்டி, சர்ருன்னு கிழிச்சுக் கொடுத்தாங்க. நேர்க்கோடு! கண்ணே தேவைப்படலை அதுக்கு.

ஒட்டுப் போட ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் போக, பிரிச்ச நாலரையில மிஞ்சின நாலும், பார்டர்ல மிஞ்சின அஞ்சரையும் சேர்ந்து சரியா 62 வந்துச்சு. நான் தைக்க, அம்மா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. பழைய விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்னு நெனைச்சேன். கேக்கணும்னு நெனைச்சுக்கிட்டே ரெண்டு துண்டும் தைச்சு முடிச்சுட்டேன்.

அம்மா வாங்கி, கட்டைவிரலால தையலை ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் தடவிப் பார்த்தாங்க.

"நேராத்தான் வந்திருக்கு"ன்னாங்க. நான் பேச வாயைத் திறந்தேன். அதுக்குள்ள, "முடியற இடத்துல ரெண்டு தையல் திரும்பப் போட்டுக் கட்டலை. பிரிஞ்சுடும். மறுபடி உக்காரு."

உக்காந்தேன்.

(நீங்க யாராவது தைக்கிறதா இருந்தா, மொதல்ல துணியை நனைச்சுக் காயவைங்க சாமி!)