அக்கா மகனும் ஐம்பது மில்லிகிராமும்

வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவனுக்கு மருந்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்டால், சத்தியமாக ஒன்றும் இல்லை. படித்தது பி.காம். ஆனால் போன வருஷம் மூன்று வாரம் மஸ்கட்டில் தூக்கமில்லாமல் உட்கார்ந்து ஒரே ஒரு மாத்திரையைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். புரிந்த மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

எங்க ஊர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். 1956 நவம்பர் 1-ல் மாநிலம் பிரித்தபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சினிமா மட்டும் இரண்டும் :-) எது கெட்டாலும் பழி பக்கத்து மாநிலத்தின் மேல் விழும். மீன் ஆனாலும் சரி, கோழி ஆனாலும் சரி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாத்திரைக்கும் அதுதான் நடந்தது.

அக்கா மகனுக்கு 19 வயசு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலில் புண், ரத்தப்போக்கு. ஸ்டீராய்டை நிறுத்த முடியாமல் போகவே, ஒரு தனியார் மருத்துவமனையில் அசதயோபிரின் 50 மில்லிகிராம் தினம் ஒன்று எழுதி, இரண்டு மாசம் கழித்து வரச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் தலையணை முழுக்க முடி. நாலாவது வாரம் காய்ச்சல், வாயெல்லாம் புண். ரத்தம் பார்த்தால் வெள்ளையணு 900. சாதாரணமாக 4,000-க்கு மேல் இருக்க வேண்டியது.

ஊர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டது. அத்தான் மாத்திரையைக் களியக்காவிளையில் வாங்கியிருந்தார். "அங்க உள்ளது டூப்ளிகேட்டாக்கும்" என்றார்கள். ஆனால் அதே கடையில் அதே மாத்திரையை வாங்கி, கிட்னி மாற்றிய ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் பதினோரு வருஷமாகத் தினம் இரண்டு போடுகிறார். "அவருக்கு ஒண்ணும் ஆகல்ல. எனக்க பிள்ளைக்கு மட்டும் ஏன் மக்கா?" என்று அக்கா போனில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பதில் மாத்திரையில் இல்லை, உடம்பில் இருக்கிறது. அசதயோபிரின் உள்ளே போய் மெர்காப்டோபியூரினாக மாறும். (இது ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மருந்து. 1953-லேயே ரத்தப் புற்றுநோய்க்கு வந்துவிட்டது. 1988-ல் இருவருக்கும் நோபல்.) அதிலிருந்து உண்டாகும் சரக்கு, டி.என்.ஏ.வுக்குள் போலி எழுத்து மாதிரி நுழைந்து, வேகமாகப் பெருகும் செல்களை நிறுத்தும். அளவோடு நுழைந்தால் மருந்து. அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். அளவைப் பார்த்துக்கொள்வது சில என்சைம்கள். எங்க பாஷையில் சொன்னால் தினமும் வரவு வருகிறது, பற்று எழுத ஆளில்லை.

இந்த என்சைம்களில் பேர்போனது டிபிஎம்டி. 1980-ல் மேயோ கிளினிக்கின் வைன்ஷில்பாம், சுமார் 300 பேரின் ரத்தத்தில் அதை அளந்து பார்த்தார். பத்தில் ஒருவருக்குப் பாதி வேகம், முந்நூறில் ஒருவருக்கு வேலையே செய்யவில்லை. அதிலிருந்து மாத்திரை தரும் முன் டிபிஎம்டி பார்ப்பது வழக்கமாயிற்று.

மருமகனுக்கும் பார்த்தார்கள், எல்லாம் முடிந்த பிறகு. ரிசல்ட் நார்மல். டூப்ளிகேட் கட்சிக்கு ஒரே கொண்டாட்டம்.

விஷயம் என்னவென்றால், அந்தக் கணக்கு வெள்ளைக்காரர்களை வைத்துப் போட்டது. புதுச்சேரி ஜிப்மரில் ஆதித்தன் குழுவினர் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடக்காரர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டிபிஎம்டி மாற்றம் நம்மிடம் குறைவு. நம்மைக் கவிழ்ப்பது வேறொரு என்சைம், என்யுடிடி15. 2014-ல் கொரியாவில் குடல்நோய்க்காரர்களிடம் கண்டுபிடித்தார்கள். டிபிஎம்டி சரியாக இருந்தும் அங்கே வெள்ளையணு சரிந்துகொண்டிருந்தது. ஐரோப்பியர்களிடம் இந்த மாற்றம் அபூர்வம். தெற்காசியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஒரு பிரதியாவது வைத்திருக்கிறோம். ஹைதராபாத்தில் 1,014 குடல்நோய்க்காரர்களைப் பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆய்விலும் வெள்ளையணு சரிவை முன்கூட்டிக் காட்டியது என்யுடிடி15 தான், டிபிஎம்டி இல்லை.

திருவனந்தபுரத்தில் இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் இதை எழுதிக் கொடுத்தார். முடி மொத்தமாகக் கொட்டியது என்று அக்கா சொன்னதுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். ரிசல்ட்டில் இரண்டு பிரதியும் மாற்றம். அதாவது அக்காவிடமிருந்து ஒன்று, அத்தானிடமிருந்து ஒன்று.

அத்தான் எங்க மாமா மகன். உடனே "சொந்தத்துல முடிச்சதுனாலயாக்கும்" என்று புதுக் கட்சி கிளம்பியது. சொந்தம் வாய்ப்பைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் பத்தில் ஒருவரிடம் இருக்கிற சமாச்சாரம், அந்நியத்தில் முடித்தாலும் சந்திக்கத்தான் செய்யும். அக்கா அன்று அழுததற்கு அந்தப் பேச்சுதான் காரணம், ரிசல்ட் இல்லை.

மாத்திரையை நிறுத்தி, ஊசி போட்டு, மூன்று வாரத்தில் எண்ணிக்கை ஏறியது. இப்போது வேறு மருந்து. செலவு அதிகம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். முடி மறுபடி வந்துவிட்டது, முன்னைவிடச் சுருட்டையாக.

இந்த மாத்திரை எழுதினால் டாக்டரிடம் இரண்டையும் கேளுங்கள். டெஸ்ட்டுக்குச் சில ஆயிரம் ஆகும். முடியாவிட்டால் முதல் மாசம் வாரம் ஒருமுறை ரத்த எண்ணிக்கையாவது பார்க்கச் சொல்லுங்கள், டெஸ்ட் நார்மலாக இருந்தாலும்கூட. யூரிக் ஆசிட்டுக்கு அலோபுரினால் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் டோஸைக் கால்வாசி அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும்.

மருமகளுக்கும் இதே இரண்டு பிரதி இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அவளுக்கு நோய் ஒன்றும் இல்லை, அதனால் அவசரமில்லை என்றார் டாக்டர். அக்கா கேட்கவில்லை. மகனுடைய ரிசல்ட்டை ஐந்து நகல் எடுத்து, மருந்தின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் மேலே எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவருக்குள் வைத்திருக்கிறாள். மகளுக்கு டெஸ்ட் எடுக்க நான் ஓணத்துக்கு லீவில் வரும்வரை காத்திருக்கிறாள். கூடவே எனக்கும் எடுக்க வேண்டுமாம். அவளிடம் இருப்பது எனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே.