குருநகரில் ஓர் அணசு

யாழ்ப்பாணப் பட்டினத்தின் தென்னோரத்திலே, நகரம் முடிந்து கடனீரேரி தொடங்குமிடத்தில் அமைந்திருக்கிறது குருநகர். முதியவர் சிலருக்கு அது இன்னும் பழைய பெயரால் கரையூர்தான். எதிரே மண்டைதீவு ஒரு பச்சைக் கோடாகத் தெரிகிறது. கரையிலே வள்ளங்கள், வேலியெங்கும் வலைகள், மூக்கை நிறைப்பது உப்பும் மீனும் கலந்த வாசனை. நடுவே நிமிர்ந்து நிற்கிறது புனித யாகப்பர் ஆலயம். 1993 நவம்பரில் விமானக் குண்டுவீச்சினால் சிதைவுற்றுப் பின்னர் எழுப்பப்பட்ட கோயில் அது.

குருநகர் ஒலியால் வாழும் ஊர் என்றால் மிகையாகாது. விடியலில் கோயில் மணி, அதனைத் தொடர்ந்து ஒலிபெருக்கியிற் செபம், பின்னர் வள்ள இயந்திரங்களின் தடதடப்பு, மாலையில் மீண்டும் பாட்டு. ஒலிபெருக்கி இல்லாமல் யாழ்ப்பாணத்தார் ஒரு நற்காரியமும் செய்யமாட்டார். துக்க காரியமும் செய்யமாட்டார். அதன் குழாய் நமக்குப் புதிதுமன்று. இக்கடலிலே எடுக்கும் சங்கும் ஒரு குழாயே. நாதஸ்வரத்தின் அடியிலுள்ள அணசும் அவ்வாறே. சிறிய வாயிற் பிறந்த ஒலியைப் படிப்படியாக விரித்து வெளியே அனுப்புவதே அவற்றின் தொழில்.

நாம் அங்கு சென்றது சங்கு பார்ப்பதற்கன்று. தென்மோடிக் கூத்துப் பழகும் இளைஞர் சிலர், காலஞ்சென்ற அண்ணாவியார் ஒருவரின் பாட்டுக்கள் பதிந்த பழைய ஒலிநாடாக்களை வைத்திருக்கிறார்கள் என்று கேள்வியுற்றுச் சென்றோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளிற் கொப்பிகளும் நாடாக்களும் அழிந்தன. தப்பியவற்றைக் கேட்டுக் கேட்டே இவர்கள் பாட்டைப் பழகுகிறார்கள். கேட்கும் இடம் சீமெந்துச் சுவருடைய ஒரு சிறு மண்டபம். பெட்டிக்கு நேரே இருப்பவனுக்குச் சொல் விளங்கும். ஓரத்துப் பாயில் இருப்பவனுக்கு இராகம் மட்டுமே வந்து சேரும். “நான் ‘பாதம்’ எண்டு மூண்டு மாதம் பாடினன் ஐயா, அது ‘பாசம்’ எண்டு பிறகுதான் தெரிஞ்சுது” என்றார் ஒரு இளைஞர். அண்ணாவியார் இன்றில்லை, பிழையாகப் பழகினால் திருத்துவதற்கு ஆளில்லை.

குற்றம் நாடாவில் இல்லை, பெட்டியிலேதான் என்று கண்டவர் அவர்களுள் வானொலி திருத்தும் தொழில் செய்யும் ஒருவர். அவர் விளக்கியதை வாசகர்களுக்காகச் சுருக்கித் தருகிறோம். பெட்டியில் ஒலிபெருக்கி இரண்டு: ஆறரை அங்குலப் பெரியது ஒன்று, உயர்ந்த ஒலிகளுக்குச் சிறியது ஒன்று. சிறியதற்கு ‘ருவீற்றர்’ என்று பெயர். ச, த, ட முதலான மெய்களைப் பிரித்துக் காட்டுவன பெரும்பாலும் செக்கனுக்கு 2,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகளே. மலிவான பெட்டியில் ருவீற்றர் 4,000 அளவிலேதான் வேலையைப் பொறுப்பேற்கும். அதற்குக் கீழே சென்றால் திணறும். ஆகவே 2,000 முதல் 4,000 வரையுள்ளதைப் பெரியதே சுமக்கிறது. அந்த அலையின் நீளம் 17 செந்திமீற்றரிலிருந்து ஒன்பது வரை. தன் விட்டத்தோடு ஒத்தோ குறைந்தோ உள்ள அலையை எந்த ஒலிபெருக்கியும் நேரேதான் வீசும், பக்கத்துக்கு விரிக்காது. ஓரத்துப் பாய்க்கு மெய்யெழுத்து வராத இரகசியம் இதுவே.

பரிகாரம் அணசுதான். ருவீற்றரின் முகத்தில் அகன்ற வாயொன்றைப் பொருத்தினால் 2,000 முதல் 5,000 வரையுள்ள ஒலி வலுப்பெறும். ருவீற்றர் குறைவாக அசைந்தே அதே ஒலியைத் தரும். ஆகவே 2,000 அளவிலேயே வேலையை ஏற்கலாம். வாயின் அகலம் பெரிய ஒலிபெருக்கியின் அகலத்தை ஒத்திருந்தால், இரண்டும் ஒரே அளவாக விரிந்து ஒலிக்கும். சுவரில் வீணே மோதி எதிரொலித்துச் சொல்லைக் குழப்புவதும் குறையும். இதனை ‘வேவ்கைட்’ என்பார்கள். இதற்கான கணித விளக்கத்தை ஏர்ல் கெடிஸ் என்ற அமெரிக்கர் 1989இல் வெளியிட்டார். குவிமாட வடிவிலான ருவீற்றரை எட்கர் வில்சர் என்பவர் 1958இல் தம் ஏ.ஆர்.3 பெட்டியில் வைத்து விற்பனைக்குக் கொணர்ந்தார். இன்று அதனைச் செய்வோருள் நோர்வே நாட்டு மொஸ் நகரத்துச் சீயஸ் கம்பனியும் ஒன்று, 1950இல் தொடங்கியது. சீநோர் வலைத் தொழிற்சாலையால் நோர்வேயை அறிந்த குருநகருக்கு அந்நாட்டின் பெயர் அந்நியமன்று.

எல்லா ருவீற்றரும் இதற்கு உதவா. நண்பர் கண்டியிலும் கொழும்பிலும் பழைய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து ஒன்பதில் இரண்டையே தெரிந்தெடுத்தாராம். முகத்தட்டைக் கழற்றினாலும் குவிமாடம் காந்தத்தோடேயே நிற்கவேண்டும். தட்டோடு ஒட்டி வருவதை வாங்கினால் சுருள் நடுநிலை தவறிவிடும். குவிமாடத்தைச் சுற்றியுள்ள விளிம்பு ஒடுங்கியதாயிருப்பது நன்று. முன்னே கம்பிவலையோ குமிழோ இருத்தலாகாது. தன்னியல்பான அதிர்வெண் 1,000க்குக் குறைந்திருந்தால், அதன் இருமடங்கில் அச்சமின்றி வேலை வாங்கலாம். பட்டுத்துணிக் குவிமாடத்தை அவர் விரும்புகிறார். விரல் பட்டு அமுங்கினாலும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும், அலுமினியமோ சுருங்கினது சுருங்கினதுதான்.

கழற்றும் வேலைக்குப் பொறுமை வேண்டும். இரும்புத் திருப்புளியைக் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். ஒரு கணத்திற் குவிமாடம் பொத்துப்போகும். ஆகவே பித்தளைத் திருப்புளி. மேசையில் இரும்புத்தூள் ஒரு துகளும் இருக்கக்கூடாது; சுருளின் இடுக்கிற் புகுந்தால் எடுப்பது அரிது. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்து உதிரும் இவ்வூரில் இது சிறிய எச்சரிக்கையன்று. அணசின் சிறிய வாய் விளிம்பின் வெளியோரத்தோடு இடைவெளியோ படியோ இன்றிச் சேரவேண்டும். காற்றுக் கசியாதபடி மெல்லிய றப்பர் வளையம் இடவேண்டும்.

அணசை எப்படிச் செய்வது? பிறநாட்டார் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சிலே வார்க்கிறார்கள். குருநகரிலோ வள்ளம் பழுதுபார்ப்போர் வாசலுக்கு வாசல் இருக்கிறார்கள்! பாரிஸ் சாந்தினால் அச்சுச் செய்து, மெழுகு பூசி, வள்ளத்துக்கு இடும் அதே கண்ணாடி நாரையும் றெசினையும் மூன்று படையாக இட்டார்கள். அகலம் 17 செந்திமீற்றர், ஆழம் நான்கு. வள்ளத்தின் அடி வழுவழுப்பாக இருக்கவேண்டுமென்று அறிந்த கைக்கு இதன் உட்புறத்தைத் தேய்ப்பது விளையாட்டே. நமக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கைவேலையின் மதிப்பை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நாம் கண்டதில்லை.

சோதனையைக் கடற்கரையிலே செய்தார்கள். மண்டபத்தில் வைத்தால் சுவரின் எதிரொலியும் கணக்கிற் சேர்ந்துவிடும். காற்று விழுந்த விடியற்பொழுதில் கரையிலோ சுவரில்லை. பெட்டியை முக்காலியில் ஏற்றி, பதினைந்து பாகை பதினைந்து பாகையாகத் திருப்பி, ஒலிவாங்கியாலும் மடிக்கணினியாலும் அளந்தார்கள். வலைக்குப் போகும் ஒருவர் நின்று பார்த்து, “என்ன தம்பிமார், கடலுக்குப் பாட்டுப் படிப்பிக்கிறியளோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். அணசு நடு ஒலியை அளவுக்கு மிஞ்சி உயர்த்தியிருந்தது. தடையும் சுருளும் சேர்ந்த சிறு சுற்றினால் அதனைத் தணித்தார்கள். இதைச் செய்யாமல் அணசை மாத்திரம் மாட்டினால் காதைக் குத்தும் கூச்சலே மிஞ்சும்.

நாம் சென்ற மாலையில் முதற்பெட்டி மண்டபத்தில் இருந்தது. இரண்டாவதற்கான அச்சு முற்றத்திலே காய்ந்துகொண்டிருந்தது. பழைய கூத்தாடி ஒருவரை அழைத்து வந்து, வேண்டுமென்றே ஓரத்துப் பாயில் இருத்தினார்கள். நாடா ஓடியது. முதலிரு அடிகள் வரை அவர் முகத்தில் மாற்றமில்லை. மூன்றாம் அடியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“இவ்விடத்திலை நீங்கள் படிக்கிற சொல்லு வேறை. அண்ணாவியார் சொல்லுறது வேறை. திருப்பிப் போடுங்கோ.”

இளைஞர் ஒருவர் பென்சிலை எடுத்துக் கொப்பியில் அச்சொல்லை வெட்டினார். நாடாவை மறுபடியும் ஓட்டினார்கள்.