எல்லோருக்கும் பிடித்த புத்தகம்



சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. கோடிக்கணக்கில் விற்ற 'தி அல்கெமிஸ்ட்' எங்களுக்குப் பிடிக்கவில்லை.

கல்வியியல் கல்லூரி விடுதியில் ஒரே பிரதிதான் அறை அறையாகக் கை மாறியது. வாசித்தவர்களெல்லாம் "வாழ்க்கையே மாறிட்டு" என்றார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நமக்குத்தான் விளங்கவில்லையாக்கும் என்று இரண்டாம் தடவையும் வாசித்தோம். பிறகு வாயை மூடிக்கொண்டோம்.

பாவ்லோ கொய்லோ போர்த்துக்கேய மொழியில் எழுதி 1988இல் வெளிவந்த கதை. ஆடு மேய்க்கும் சந்தியாகோ, கனவில் கண்ட புதையலைத் தேடி எகிப்தின் பிரமிட்டுகள் வரை போகிறான். உண்மையாக ஆசைப்பட்டால் பிரபஞ்சமே கைகொடுக்கும் என்பதுதான் அதன் சாரம்.

எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் ஒரு மாணவிக்கு இந்தப் புத்தகத்தையே கொடுத்தோம். எல்லோரும் கொடுக்கிறார்கள், நாங்களும் கொடுத்தோம். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளிலும் மெழுகுதிரி வைத்துப் படித்த பிள்ளை அவள். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் வெட்டுப்புள்ளி வந்தபோது கம்பஸ் இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டாள்:

"டீச்சர், நான் ஆசைப்பட்டது போதாதா?"

எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது.

அந்தக் கதையில் பளிங்குக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார். ஹஜ் அவருடைய கனவு. அது நிறைவேறிவிட்டால் பிறகு வாழ ஒன்றுமிருக்காதே என்று பயந்து போகாமலே இருப்பார். எங்கள் உம்மும்மாவும் ஹஜ் போகவில்லை. பயத்தினால் அல்ல. பாய் இழைத்துச் சேர்த்த சல்லி சாச்சியின் கலியாணத்துக்குப் போனது. திரும்பச் சேர்த்தார், அது வைத்தியச் செலவுக்குப் போனது. கடைசியில் சந்தூக்கில்தான் வாசலைத் தாண்டினார். பல வருடங்களின் பின் மாமா அவருக்காகப் பதல் ஹஜ் செய்தார். உம்மும்மாவின் ஆசையில் என்ன குறை?

அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் சொன்னோம். "மகள், இந்த நாட்டில் தகுதி பெறுகிற எல்லோருக்கும் கம்பஸில் இடம் இல்லை. இருக்கிற இடத்தையும் மாவட்ட ரீதியாகப் பங்கு போடுகிறார்கள். அது இடக் கணக்கு, உங்கட ஆசையை அளந்த கணக்கல்ல. நாங்களும் வெட்டுப்புள்ளி தவறித்தான் கல்வியியல் கல்லூரிக்குப் போனோம்."

அழுகையை நிறுத்தி, "டீச்சருமா?" என்றாள். பிறகு விண்ணப்பப் படிவம் பற்றிக் கேட்டாள்.

அந்தப் புத்தகத்தால் ஆறுதல் பெற்றவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வருடப் பரிசுக்கு, நாங்கள் வாசித்து எங்களுக்குப் பிடித்ததை மட்டும்தான் தெரிவு செய்யப்போகிறோம்.

ஊரே புகழ, உங்களுக்கு மட்டும் ஒட்டாத புத்தகம் எது? வெட்கப்படாமல் சொல்லுங்கள்.