எங்கண்ணே போடணும்?

பத்திர ஆபீஸ் வாசல்ல ஒரு அக்கா.
முந்தானையில கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "எங்கண்ணே போடணும்?"னு கேட்டாங்க.
பொறந்த வீட்டுச் சொத்துல தன் பங்கை விட்டுக்கொடுக்கற விடுதலைப் பத்திரம்.
ஒரு வரி படிக்கல.

"அதான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சுல்ல"ன்னாரு கூட வந்தவர்.

மனசு ஆறவே இல்ல.

தமிழ்நாட்டுல 1989லயே இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம பங்குன்னு சட்டம் வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களை மட்டும் விட்டுட்டாங்க. 2005 மத்திய சட்டத் திருத்தம் அவங்களையும் சேர்த்துச்சு. திருத்தம் வந்த அன்னைக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியமில்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

கூட்டுப் பட்டாவுல பேர் விட்டுப்போனா பங்கு போயிடாது. பாகம் பிரிக்கிற வரைக்கும் வரப்பு, கிணறு, தென்னை எல்லாத்துலயும் பாத்தியதை உண்டு.
ஆனா விடுதலை எழுதிப் பதிஞ்சுட்டா? அப்புறம் கோர்ட்டுக்குத்தான் அலையணும்.

மனசார விட்டுக்கொடுத்தா சரி.
பங்கு கேட்டா பொறந்த வீட்டுக் கதவு மூடிடும்னு பயந்து கொடுக்கறதை எப்படிங்க ஏத்துக்கறது?

உங்க வீட்ல அக்கா, தங்கச்சி பங்கைப் பத்தி அவங்களையே உட்கார வெச்சுப் பேசியிருக்கீங்களா?