'அடைசல்'னு சொன்னது நான்தான்!

என் ரூமுக்கு வர்ற ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி, "சி.லெ. யாருடா?"

ஷெல்ஃபில் இருக்கும் பித்தளைச் செம்பின் கழுத்தில் வெட்டியிருக்கும் எழுத்து அது. யாருன்னு சத்தியமா எனக்கும் தெரியாது.

வேலை கிடைச்சு சென்னையில் தனி ரூம் எடுத்த புதுசில், நீங்க செய்கிற அதே தப்பைத்தான் நானும் செய்தேன். ரங்கநாதன் தெருவில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளினேன். பிளாஸ்டிக் மூங்கில், சிரிக்கும் புத்தர், ஈஃபில் டவர் போஸ்டர் (அப்போ பாஸ்போர்ட்கூட எடுக்கலை, ஹி... ஹி...). ஒரே மாசம்தான். அதுக்கப்புறம் தூசி தட்டும்போது மட்டும்தான் அதெல்லாம் இருக்கிற ஞாபகமே வரும்.

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனேன். நீங்களும் அந்தப் பக்கம் போனால் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. வரிசையாகப் பழைய சாமான் கடைகள். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வந்த பர்மா தேக்குத் தூண், கதவு, கப்பலில் வந்த எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம்... உள்ளே நுழைஞ்சா நேரம் போவதே தெரியாது. ஒரு மூலையில் மரப்பாச்சி பொம்மை ஒண்ணு ஜோடி இல்லாமல் தனியாக நின்றது. மனசு லேசா ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனாலும் செம்பை விடலை. பேரம் பேசி 2,100 ரூபாய்க்கு வாங்கிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். அந்தக் காலத்தில் சீர்ப் பாத்திரம் என்றால் பேர் வெட்டாமல் கொடுத்தனுப்ப மாட்டாங்க. புள்ளி புள்ளியா வெட்டின எழுத்து விரலில் நெருடும். அப்படி நெருடினபோதுதான் பொறி தட்டியது. எங்க அப்பத்தா குடத்திலும் இப்படித்தானே நெருடும்! உடனே அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அதுவா? நீ காலேஜ் படிக்கும்போதே எடைக்குப் போட்டாச்சேடா."

"ஏம்மா போட்ட?"

"நல்லா கேட்ட போ! ஃப்ரெண்ட்ஸ் வர்ற வீடு, இந்த அடைசலையெல்லாம் தூக்கிப் போடுன்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?"

நின்னேன்தான். எனக்கு மறந்தே போச்சு. அம்மாவுக்கு மறக்கலை.

அது ஊருணியில் அப்பத்தா தண்ணி எடுத்த குடம். முட்டிவலி வந்து குடம் தூக்க முடியாமல் போனதும், அதில் எனக்காகப் பொரி உருண்டை போட்டு வைக்க ஆரம்பிச்சாங்க. வாய் குறுகின குடம். வீட்டிலேயே என் கைதான் சுலபமா நுழையும். அதனாலதான் அந்த இடத்தையே பிடிச்சாங்களோ என்னவோ! எடைக்குப் போட்டதில் என்ன கிடைச்சதுன்னு அம்மாகிட்ட நான் கேட்கலை.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப பரணில் ஏறித் தேடினேன். தப்பிச்சது ரெண்டே ரெண்டு. ஒரு அரைப்படி, ஒரு மர முறுக்கு உரல். உரலோட கைப்பிடி, அப்பத்தா கை பட்டுப் பட்டு வழவழன்னு ஆகியிருக்கு. சென்னைக்குக் கொண்டுவந்த அன்னிக்கே ஈஃபில் டவரைக் கழற்றிட்டேன்.

உங்க வீட்டுப் பரணிலும் ஏதாவது கிடைக்கும். கிடைச்சா, பத்தையும் ஒரே ஷெல்ஃபில் திணிக்காதீங்க. ஒண்ணு வச்சா சுத்தி இடம் விடுங்க. பித்தளையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சு, ஈரம் இல்லாமல் உடனே துடைச்சிடுங்க. விட்டா திட்டுத் திட்டா கறுத்திடும். மரச் சாமானுக்குக் காய்ந்த துணியே போதும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு பாலிஷ் மிஷினில் மட்டும் கொடுத்திடாதீங்க. வெட்டின பேர் தேய்ஞ்சிடும்.

அரைப்படியில் இப்போ என் பேனாக்கள். உரலுக்குப் பக்கத்தில் செம்பு. சி.லெ.யோட பேரனோ பேத்தியோ இதைப் படிச்சா, ஒரு லெட்டர் போடுங்க. செம்பைக் கொடுத்திடறேன். காசு வேண்டாம், நிஜமா!