ஔவையாருக்குத் தப்பு போட்ட கம்ப்யூட்டர்



போன மாதம் தமிழ் மன்றத்துக்காக ஆன்லைனில் ஒரு சொல் புதிர் போட்டி செய்தேன். நம் சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களை வைத்து 10 கேள்விகள். வழக்கமாக இதே சுவரில் பென்சிலால் கட்டம் போட்டு எழுதுவேன். இந்தத் தடவை டீச்சர் லேப்டாப்பில் செய்யச் சொன்னார்கள். கம்ப்யூட்டரே மார்க் போட்டுவிடும் என்று நானும் ஜாலியாக இருந்தேன்.

ஆரம்பமே சரியில்லை. "நாமக்கல் கவிஞர் 1888-இல் பிறந்த ஊர், 4 எழுத்து" என்று கேட்டு, 4 எழுத்துக்கு மேல் வாங்காதே என்று வரம்பு வைத்தேன். மோகனூர் என்று அடித்தால் வாங்கவே மாட்டேன் என்றது! அதன் கணக்கில் மோகனூர் 7 எழுத்தாம். ம தனி, ஓகாரக் குறி தனி, புள்ளிகூடத் தனி. வரம்பை எடுத்துவிட்டேன்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி 9 மார்க் வாங்கினாள். பிரேயரில் பேனா பரிசு கொடுத்தாயிற்று. மதியம் சத்துணவு வரிசையில் ஏழாம் வகுப்புப் பாப்பா ஒன்று என்னிடம் வந்தது.

"அக்கா, நான் பத்தும் சரியாத்தானுங்க அடிச்சேன். ஏழுதான் வந்திருக்குது."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? நீ எழுத்துப்பிழை விட்டிருப்ப, போ" என்றேன். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அது தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் டீச்சரிடம் கேட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் யார் என்ற கேள்விக்கு அது ஒளவையார் என்றுதான் அடித்திருந்தது. பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. என் விடையையும் அதன் விடையையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சும்மா அழிக்கும் பட்டனைத் தட்டிக்கொண்டே வந்தேன். என்னுடையதில் ஔ ஒரே தட்டில் போனது. அதனுடையதில் ள மட்டும் போய் ஒ நின்றது! தமிழ்99 கீபோர்டில் ஔ என்பது இசட் பட்டன். அது அம்மாவின் போனில் ஒ, ள என்று இரண்டாக அடித்திருக்கிறது. நான் இந்தத் தாளில் கையால் எழுதும்போது இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு.

மோகனூரும் அப்படியே. யுனிகோடில் மோ என்பதை ம-வும் ஓகாரக் குறியும் என்று இரண்டாக வைக்கலாம், ம, இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யுனிகோடு விதியே இருக்கிறதாம். ஆனால் சரிபார்க்கும் நிரல் அந்த விதிப்படி மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும் என்று டீச்சர் சொன்னார்கள். மூன்றாவது, நெய்க்குப் பேர் போன ஊர். நான் இராசிபுரம் என்று வைத்திருந்தேன், அது ராசிபுரம் என்று போட்டிருந்தது. இது முழுக்க என் தப்பு.

இருட்டும் வரை 38 பேர் விடையையும் கண்ணால் படித்தேன். ஓரி ஆண்ட மலையைக் "கொல்லி மலை" என்று இடம் விட்டு எழுதிய நாலு பேருக்கும் மார்க் போயிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் வரக்கூடிய எல்லா வடிவத்தையும் விடைப்பட்டியலில் சேர்த்தேன். ஔவையாருக்கு மட்டும் அவ்வையாரோடு சேர்த்து மூன்று.

பாப்பாவுக்குப் பத்துக்குப் பத்து. டீச்சர் இன்னொரு பேனா வாங்கித் தந்தார்கள். என் தோழி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கும் கோபம் வரத்தானே செய்யும்.

மறுநாள் அதே சத்துணவு வரிசையில், எல்லார் முன்னாலும், "தப்பு என்னோடது" என்று சொன்னேன். அது பேனாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப நான் எழுத்துப்பிழை விடலைல்லங்க்கா?"

"விடலை சாமி."

அடுத்த புதிரை வெளியே விடும் முன்னால் அம்மாவின் போனில் அதுதான் முதலில் அடித்துப் பார்க்கப் போகிறது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி