பல்லைப் பிடித்துப் பார்த்தல்

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் கவனித்திருக்கக்கூடும். காளை வாங்க வந்தவர் எடுத்தவுடன் விலை கேட்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடத்திப் பார்ப்பார். காங்கேயத்துக்காரர்களாகிய எங்களுக்கு இது பாலபாடம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்ற பழமொழியும் அறிவோம். ஆனால் அது வாங்குகிறவனுக்குச் சொன்னது. கொடுக்கிறவன் பார்ப்பதை அது தடுக்கவில்லை. இது எங்களுக்கு உறைக்க ஓர் இழப்பு வேண்டியிருந்தது.

கல்லூரி ஆசிரியர்கள் ஐவர் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்கி, ஆண்டிறுதியில் குழந்தைகளின் மருத்துவத்திற்கென அனுப்பி வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், அவ்வாறு சேர்ந்த ரூ. 40,000-ஐக் கைப்பேசியில் வந்த ஒரு படத்தைப் பார்த்த இரவே அனுப்பிவிட்டோம். மூக்கில் குழாய் செருகிய குழந்தை. இரண்டு நாளில் அறுவை சிகிச்சை என்ற வேண்டுகோள். மூன்று வாரம் கழித்து அதே படம், வேறு பெயரோடும் வேறு நோயோடும் எங்களில் ஒருவருக்கு வந்தது. ரசீது கேட்டு எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி இல்லை.

அத்தோடு போயிருந்தால் ஏமாந்த கதைகளுள் ஒன்றாக மறந்திருப்போம். அடுத்த மாதமே முதலாண்டு மாணவி ஒருத்தி துறை அறை வாசலில் வந்து நின்றாள். தம்பிக்கு இரத்தப் புற்று. தந்தை அரிசி ஆலைக் கூலி. எங்கள் கணக்கில் ஒன்றுமில்லை. "காப்பீட்டுல சேத்திக்கிட்டாங்க சார். கோயமுத்தூர் போக வர, தங்கறதுக்குத்தானுங்க முடியல" என்றாள். எங்களுக்குள் கடன் வாங்கிக் கொடுத்தோம்.

அவள் சொன்னது நெடுநாள் உறுத்தியது. குழந்தை மருத்துவம் என்றதும் அறுவை அரங்கையும் விலையுயர்ந்த மருந்தையுமே நினைத்திருந்தோம். அரசுக் காப்பீடு தமிழகத்தில் 2009 முதலே இருக்கிறது. சிறார் இருதய அறுவைக்கென 2008இலேயே தனித் திட்டம் வந்தது. ஆனால் குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்று வகைக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் சிகிச்சை நீள்கிறது. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் சேர்ந்து அழுத்த, குழந்தை சற்றுத் தேறியதும் குடும்பம் பாதியில் நிறுத்திவிடுகிறது. குணமாகக்கூடிய பிள்ளைகளை இழப்பது இப்படியும்தான். அடுத்த தவணைக்குக் குழந்தை ஏன் வரவில்லை என்று தேடிச் செல்லும் ஆள் ஓர் அமைப்பில் இருக்கிறாரா என்பதே நாங்கள் பார்க்கவேண்டிய பல் என்று அப்போது தோன்றியது.

நீண்ட வரலாறுடைய நிறுவனங்களில் இதைக் காண்பது எளிது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1960களிலேயே குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு கண்டது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அந்நிலையத்தை விட்டு அகலவில்லை. புதிய அமைப்புகளுக்கு இத்தகைய சாட்சியம் இராது. அவற்றைக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

தனிக் குழந்தைக்கான வேண்டுகோள் எல்லாமே பொய் என்பதும் அநியாயம். 2021இல் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்தில் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோயுற்ற குழந்தைக்கு ரூ. 16 கோடி மருந்து வேண்டியிருந்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் கொடுத்துச் சேர்த்தார்கள், மத்திய அரசு இறக்குமதி வரியை நீக்கியது, மருந்தும் செலுத்தப்பட்டது. எனினும் கேட்கவேண்டிய கேள்வி உண்டு: தொகை மிஞ்சினால் எங்கே போகும்? பணம் மருத்துவமனையின் பெயருக்குப் போகிறதா, எவருடைய சொந்தக் கணக்குக்கா?

ஆகவே மறு ஆண்டு நிதானமாகத் தேடினோம். வரிவிலக்குச் சான்று, தணிக்கை செய்த கணக்கு எல்லாம் பார்த்தோம். இவை வாசற்படி மட்டுமே. காகிதம் சரியாக இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத இடங்கள் உண்டு. ரொக்கமாகக் கேட்ட ஓர் அமைப்பை உடனே நீக்கினோம். ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று எங்களில் ஒருவர் குறைபட்டார். நாம் சம்பளமின்றியா பாடம் நடத்துகிறோம் என்றதும் சிரித்துவிட்டார். இறுதியில், ஒரு சிறிய அமைப்பில் தொலைபேசியை எடுத்த அம்மையார், "மருந்துக்கு இந்தக் காலாண்டுக்குப் போதுமான அளவு இருக்குதுங்க. தங்குமிட வாடகைக்குத்தான் இல்லை. மருந்துக்கே கொடுக்கணும்னா ஆடி கழிச்சுக் கொடுங்க" என்றார். பணம் கொடுக்க வந்தவனிடம் பொறுத்துக் கொடு என்று சொன்ன முதல் குரல் அது. வாடகைக்கே அனுப்பினோம். ஒன்பதாம் நாள் ரசீது வந்தது.

மாணவியின் தம்பி இப்போது பள்ளிக்குப் போகிறான். மாதம் ஒருமுறை கோவைப் பயணம் இன்னும் இருக்கிறது.

எங்கள் கணிதத் துறை நண்பர் மட்டும் கைப்பேசிப் படங்களுக்கு நூறு, இருநூறு என்று இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். பத்தில் ஒன்று மெய்யானால் போதும் என்பது அவர் கணக்கு. அவரோடு வாதிட்டு எங்களால் வெல்ல முடியவில்லை.